“ஸ்கேன்ல ஒரு புள்ளி இருக்காம், டாக்டர்!” – வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் தலைவலி பற்றி எழுதியபோது, மூளை, தலை, கழுத்து ஸ்கேன் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை என்பதால் பலர் ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து, பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் ரிப்போர்ட்டுக்கு மருந்து சொல்ல முடியாது, அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை. ஆனால் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அது நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்ல முடியும்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. போன மாதம் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். மூளையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, அது புழுவால் வந்தது என்கிறார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பம். 1980-களில் என் சித்தப்பாவுக்கு இதேபோல் ஒரு புள்ளி இருந்ததற்கு டிபி மாத்திரை கொடுத்தார்களே, அது என்ன கணக்கு? (திருநெல்வேலி)

அம்மா, முதலில் சைவக் குடும்பம் என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டவர் குடலில் வளர்வது நாடாப்புழு. அதனால் அவருக்குப் பெரிய தொந்தரவுகூட இருக்காது. ஆனால் அவர் மலத்தோடு வெளியே வரும் முட்டைகள், கழுவாத கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லி வழியாகவும் யார் வயிற்றுக்கு வேண்டுமானாலும் போகலாம். அந்த முட்டையிலிருந்து வரும் இளம்புழுதான் ரத்தத்தில் ஏறி மூளையில் போய்த் தங்குகிறது. இறைச்சி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு, புழுவின் முட்டை கலந்த சாப்பாட்டை அறியாமல் சாப்பிட்டவருக்கு மூளையில் புழு. ஆகவே உங்கள் வீட்டுச் சமையலில் குற்றம் எதுவும் இல்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

சித்தப்பா கணக்கு நம் வேலூரோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த புதிதில், வலிப்பு வந்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பலருக்கு மூளையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி, படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் பளிச்சென்று தெரிவது, அளவு 2 செ.மீ.-க்கும் குறைவு. நம் நாட்டில் காசநோய் அதிகம், அதனால் இது மூளையில் வந்த டிபி கட்டிதான் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். புள்ளியும் மறைந்தது. பார்த்தீர்களா, மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் வெறும் வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அது மறைவதைச் சிலர் கவனித்தார்கள். அப்படியானால் அது என்ன?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களோடு இருந்த நோய்க்குறியியல் வல்லுநர்களும் செய்தது எளிமையான, ஆனால் துணிச்சலான காரியம். சில நோயாளிகளின் புள்ளியை அறுவை செய்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டிபி இல்லை, செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுவின் இளம்புழு இருந்தது. 1989-இல் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டார்கள். அதன் பிறகு யாருக்கு அறுவை இல்லாமலே காத்திருக்கலாம் என்பதற்கு அவர்கள் வகுத்த அடையாளங்கள் (புள்ளி 20 மி.மீ.-க்குள் இருப்பது, மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளப்படாமல் இருப்பது, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகாமல் இருப்பது, உடம்பில் வேறெங்கும் டிபி போன்ற நோய் இல்லாமல் இருப்பது) எத்தனையோ பேரைத் தேவையில்லாத டிபி மாத்திரையிலிருந்தும் தேவையில்லாத அறுவையிலிருந்தும் காப்பாற்றின. எனக்கு இந்த ஆராய்ச்சி மேல் தனி மரியாதை உண்டு. ஸ்கேன் படத்தில் புள்ளி எல்லோருக்கும்தான் தெரிந்தது, அது என்ன என்று திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் மகனுக்குச் சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், தட்டிக் கழிக்காதீர்கள். புள்ளி சுத்தமாக மறைந்துவிட்டதா, சுண்ணாம்புப் புள்ளியாகத் தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பாகத் தங்கினால் மறுபடி வலிப்பு வர வாய்ப்பு அதிகம், வலிப்பு மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற முடிவே அதைப் பொறுத்தது. இன்னொன்று, புழு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. கண்ணில் புழு இருந்தாலோ மூளையில் நிறைய இருந்தாலோ அந்த மாத்திரையால் வீக்கம் ஏறிப் பெரிய ஆபத்தாகிவிடும்.

கேள்வி: ஐந்து வயதுப் பெண் ஊஞ்சலிலிருந்து விழுந்து நெற்றியில் வீக்கம். ஸ்கேன் எடுங்கள் என்று கெஞ்சினேன், டாக்டர் மறுத்துவிட்டார். அலட்சியம்தானே இது? (கரூர்)

இல்லை. இப்போது குழந்தை ஓடி விளையாடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வந்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை மயங்கவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, பேச்சும் நடத்தையும் எப்போதும்போல இருக்கிறது, மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்த அறிகுறி இல்லை, விழுந்த விதமும் பயங்கரமானது இல்லை என்றால், பெரிய காயம் இருக்க வாய்ப்பு 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்று அதில் தெரிந்தது. இன்னொரு பக்கம், சிறு வயதில் சி.டி. ஸ்கேன் எடுத்த 1,78,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிப் பிரிட்டனில் 2012-இல் வந்த ஆய்வு, ரேடியேஷன் சேரச் சேரப் பின்னாளில் மூளைக் கட்டி வரும் அபாயம் கூடுகிறது என்று காட்டியது. ஒருவருக்கு அந்த அபாயம் மிகச் சிறியது, உண்மை. ஆனாலும் தேவையே இல்லாத இடத்தில் எதற்கு? உங்கள் டாக்டர் குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மறுத்திருக்கிறார். வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சில் குழறல் இதில் எது வந்தாலும் உடனே திரும்பக் கொண்டுபோங்கள், அப்போது அவரே எடுப்பார்.

கேள்வி: மாமனாருக்கு 67 வயது. இரவு பத்து மணிக்கு நன்றாகத்தான் படுத்தார், காலை ஐந்துக்கு எழுந்தபோது வலது கை தூக்க முடியவில்லை, வாய் கோணிவிட்டது. மருத்துவமனையில் முதலில் சி.டி. எடுத்து நார்மல் என்றார்கள். அரை மணி நேரத்தில் எம்.ஆர்.ஐ.-யும் எடுத்தார்கள், அப்புறம்தான் ஊசி போட்டார்கள். இப்போது நடக்கிறார். ஆனால் நார்மல் என்று சொன்ன ஸ்கேனுக்கும் பணம் கட்டினோமே என்று வீட்டில் பேச்சு. (தஞ்சாவூர்)

அந்த ‘நார்மல்’ என்ற வார்த்தையை நாங்கள்தான் ஒழுங்காக விளக்குவதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை.

பக்கவாதம் இரண்டு விதமாக வருகிறது. ரத்தக்குழாய் வெடித்து மூளையில் ரத்தம் கசிவது ஒன்று, குழாய் அடைத்து ரத்தம் போகாமல் மூளை பட்டினி கிடப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே வாய்க் கோணல், அதே கை பலவீனம். ஆனால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை ரத்தக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. புது ரத்தம் சி.டி.-யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு வந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எனவே உங்கள் மாமனாருக்கு எடுத்த சி.டி.-யிடம் கேட்ட கேள்வி “ரத்தக் கசிவு இருக்கிறதா?” என்பதுதான், அது இல்லை என்று பதில் சொன்னது. அந்தப் பதில் இல்லாமல் ஊசியைக் கையில் எடுத்திருக்கவே முடியாது.

சரி, எம்.ஆர்.ஐ. எதற்கு? அந்த ஊசியை அடைப்பு வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது கணக்கு. 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரம் வரைக்கும் என்று காட்டியது, 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரைக்கு நீட்டியது. உங்கள் மாமனாருக்கு அடைப்பு எப்போது வந்தது? இரவு பதினொன்றுக்கா, காலை நாலரைக்கா? தூங்கிக்கொண்டிருந்தவருக்கே தெரியாது. முன்பெல்லாம் கடைசியாக நன்றாக இருந்தது பத்து மணிக்கு, ஏழு மணி நேரம் ஆகிவிட்டது, ஊசி கிடையாது என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற நாட்கள் எனக்கு உண்டு.

இங்கேதான் ஒரு பழைய பூனை ஆராய்ச்சி கைகொடுத்தது. 1990-இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியும் கூட இருந்தவர்களும் பூனைகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்து, டிஃப்யூஷன் என்ற வகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். இது மூளைக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று பார்க்கும் முறை. ரத்தம் கிடைக்காத செல் உப்பிவிடும், அங்கே தண்ணீர் நகர இடமில்லாமல் நெருக்கடியாகிவிடும், படத்தில் அந்த இடம் சீக்கிரமே வெள்ளையாகிவிடும். ஆனால் ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் மாறுவதற்குப் பொதுவாகச் சில மணி நேரம் பிடிக்கும். ஆக முதல் படத்தில் வெள்ளை, இரண்டாவது படத்தில் இன்னும் ஒன்றுமில்லை என்றால் அடைப்பு வந்து நாலரை மணி நேரத்துக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். மூளைக்குள் ஒரு கடிகாரம் மாதிரி. இதை வைத்து, தூங்கி எழுந்தபோது பக்கவாதத்தோடு எழுந்தவர்கள் உட்பட 503 பேரிடம் ஐரோப்பாவில் சோதனை நடந்தது, 2018-இல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களில் 53.3 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள், போடாதவர்களில் 41.8 சதவீதம். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து ஊசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மாமனாருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.-யிடம் கேட்டது “எப்போது வந்தது?” என்ற கேள்வி. இரண்டு ஸ்கேன், இரண்டு வேறு கேள்வி. வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெரிய குழாயே அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை இழுத்து எடுக்கும் முறையும் இருக்கிறது, ஸ்கேனில் மூளையின் மிச்சப் பகுதி இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட. ஆனால் அதைப் படித்துவிட்டு நிதானமாகப் போகலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை தொய்ந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டாம், மாத்திரை கொடுக்க வேண்டாம், பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ட்ரிப் ஏற்றிப் பார்ப்போம் என்று உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஞாபகமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே? (சிவகங்கை, விருதுநகர், இன்னும் பலர்)

சுத்தத் தங்கத்தை இழுக்காது, சரிதான். ஆனால் நகையில் வேறு உலோகமும் கலந்திருக்கும், கொக்கியில் ஸ்பிரிங் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் பெண்கள் தாலிக்கொடியில் இரண்டு மூன்று ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள், அது சுத்த இரும்பு. காந்தம் இழுக்காத உலோகம்கூட உள்ளே சூடாகலாம், அதோடு கழுத்தைப் படம் எடுக்கும்போது அந்த இடத்தையே கறுப்பாக அழித்துவிடும். ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தால் போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள், எங்களுக்கும் நிம்மதி. ஹேர்பின், மெட்டி, கொலுசு, காது மெஷின் எல்லாமே வெளியே. பேஸ்மேக்கரோ, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப்போ இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. 2018-இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவரைச் சிலிண்டரோடு சேர்த்து இழுத்து, அவர் இறந்தே போனார்.

கேள்வி: சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தது நம் ஜி.என்.ராமச்சந்திரன்தான், நோபல் பரிசை வெள்ளைக்காரர்கள் தட்டிக்கொண்டார்கள் என்று ஒரு மெசேஜ் சுற்றுகிறது. உண்மையா? (கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, அப்படியே உண்மை இல்லை. ஆனால் உண்மையில் நடந்தது அந்த மெசேஜைவிட அழகானது.

கருவியைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இன்ஜினியர், பாட்டு ரெக்கார்டு போடும் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். பிரிட்டன் சுகாதாரத் துறையும் பணம் கொடுத்தது. அவருடைய முதல் சோதனையில் ஒரு மாதிரிப் பொருளைப் படம் பிடிக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் துணையோடு, மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்கு உலகத்தின் முதல் தலை ஸ்கேன் எடுத்தார். அந்தப் படம் 80-க்கு 80 கட்டம்தான், இன்றைக்கு நாம் பார்ப்பது 512-க்கு 512. ஆனாலும் கட்டி தெரிந்தது. அதற்கு முன்னால் மூளையைப் பார்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள், நோயாளிக்கு நாட்கணக்கில் தாங்க முடியாத தலைவலி. அந்தக் கொடுமையை ஒழித்ததற்காகவே ஹவுன்ஸ்ஃபீல்டைக் கும்பிடலாம். 1979-இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக், இதற்கான கணக்கை 1963, 1964-லேயே வெளியிட்டிருந்தார், அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சரி, ராமச்சந்திரன் எங்கே வருகிறார்? ஒரு பலாப்பழத்தை வெட்டாமல் உள்ளே சுளைகள் எங்கெங்கே என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் நூறு கோணங்களில் எக்ஸ்ரே நிழல் எடுத்து, ஒவ்வொரு நிழலையும் வந்த திசையிலேயே திரும்பப் பரப்பி எல்லாவற்றையும் கூட்டினால் சுளைகள் இருக்கும் இடம் தெரியும், ஆனால் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பதுபோல மங்கலாக. ஹவுன்ஸ்ஃபீல்டு அந்த மங்கலைத் தவிர்க்க, படத்தை ஊகித்து, நிழலோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி ஒப்பிட்டு என்று சுற்றிச் சுற்றிப் போகும் கணக்கைப் போட்டார், அது அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம். ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971 செப்டம்பரில், அதாவது அந்த முதல் நோயாளியின் ஸ்கேனுக்குச் சில வாரம் முன்னால், அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிழலையும் திரும்பப் பரப்புவதற்கு முன்பே அதை ஒரு சல்லடையில் சலித்துவிட்டால், அதாவது ஒவ்வொரு புள்ளியின் அக்கம்பக்கத்திலிருந்து குறிப்பிட்ட அளவைக் கழித்துவிட்டால், கூட்டும்போது மங்கல் வராது, நிழலை அலைகளாகப் பிரித்துப் போடும் நீளமான ஃபூரியர் கணக்கும் வேண்டாம். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல் என்பவர் இதற்கு நெருங்கிய ஒன்றை முன்பே செய்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எக்ஸ்ரே படத்துக்கு இந்த வழியைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தது இவர்கள்தான். பிறகு பல வருடங்களுக்கு உலகத்தின் சி.டி. மெஷின்கள் இந்தக் குடும்பத்துக் கணக்கில்தான் ஓடின. சல்லடையின் பெயர் இன்றும் பாடப் புத்தகங்களிலும் மென்பொருள்களிலும் ‘ராம்-லாக்’. இரண்டு பேர் பெயரின் முதல் துண்டுகள்.

ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இங்கேதான் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டார், இந்தக் கட்டுரை வந்தபோது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார், 2001-இல் சென்னையில் காலமானார். அவருக்குப் பொய்யான பட்டம் கட்ட வேண்டியதே இல்லை. நீங்கள் இன்ஜினியரிங் படிக்கிறவர் என்றால் அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், ஐந்தே பக்கம்.

கேள்வி: என் கணவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், கழுத்திலும் நெறிகட்டி. ரேடியேஷனும் கீமோவும் முடிந்தது. முன்பு எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இதே நிலையில் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். இவருக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து பெட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். காத்திருப்பது தப்பில்லையா? (சேலம்)

தப்பில்லை, நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்கள் தெருக்காரர் காலத்தில் சிகிச்சை முடிந்ததும் நெறிகட்டியில் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்ற பயத்தில் கழுத்தைத் திறப்பது வழக்கம். திறந்து எடுத்துப் பார்த்தால் பலருக்கு உயிருள்ள புற்றுநோய் எதுவுமே இருக்காது, ஆனால் அந்த அறுவையில் தோளுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சிரமப்படுவார்கள், சட்டை போடுவதே கஷ்டம். பிரிட்டனில் 564 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல அறுவை, மறு பாதிக்கு 12 வாரத்தில் பெட்-சி.டி. (பெட், சி.டி. இரண்டும் சேர்ந்த ஸ்கேன்) எடுத்துச் சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை என்று பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஸ்கேன் பிரிவில் 84.9 சதவீதம், அறுவைப் பிரிவில் 81.5 சதவீதம், ஸ்கேன் பிரிவு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. கழுத்து அறுவை நடந்தது அறுவைப் பிரிவில் 221, ஸ்கேன் பிரிவில் 54 மட்டுமே.

பன்னிரண்டு வாரம் எதற்கு என்றால், பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகமாகத் தின்னும் இடங்களைக் காட்டுவது, ரேடியேஷன் முடிந்த புதிதில் வெந்து வீங்கியிருக்கும் நல்ல திசுவும் சர்க்கரையைத் தின்னும், சீக்கிரம் எடுத்தால் இல்லாத புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்தும். ஸ்கேன் அன்று ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு. சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அவரைப் பேச விடாதீர்கள், எதையும் மெல்லவும் விடாதீர்கள், பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும், தொண்டைப் புற்றுநோய்க்காரருக்கு அது வீண் குழப்பம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் அதிகம் பார்க்கும் வாய்க்குழிப் புற்றுநோய்க்கு, கன்னம், நாக்கின் முன்பகுதி இவற்றுக்கு, இந்தக் கணக்கை எடுத்துப் போடக் கூடாது. அங்கே ஆரம்பத்திலேயே அறுவை, கூடவே கழுத்து நெறிகட்டிகளையும் எடுத்துவிடுவது உயிரைக் காக்கிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2015 ஆய்வு காட்டியது. மூன்று வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம்.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் தைராய்டில் 8 மி.மீ. கட்டி, ‘டி.ஆர்.3’ என்று போட்டிருக்கிறது. ஊசி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள் என்று தங்கை அழுகிறாள். (சென்னை)

‘டி.ஆர்.3’ என்றால் ஸ்கேனில் லேசான சந்தேகம் மட்டும் உள்ள வகை. அந்த வகைக் கட்டிக்கு 2.5 செ.மீ. எட்டினால்தான் ஊசி என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் 2017-இல் போட்ட வரையறை, 8 மி.மீ.-க்குத் தொடர் ஸ்கேன்கூட அதில் கேட்கப்படவில்லை. தங்கைக்குத் தென் கொரியா கதையைச் சொல்லுங்கள். 1999-இல் அங்கே அரசே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை, ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் பணம் சேர்த்து வாங்கிக்கொண்டு கழுத்து ஸ்கேனையும் எடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அவ்வளவு கண்டுபிடித்தும் தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்கள் விகிதம் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் தைராய்டை இழந்து வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், சிலருக்குக் குரலே போனது. 2014-இல் அங்கே டாக்டர்களே எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் அறுவைகள் மளமளவென்று குறைந்தன. எந்தத் தொந்தரவும் இல்லாத கழுத்தை எதற்காக ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் உங்கள் விஷயத்தில் எனக்குக் கோபம். குரல் மாறினாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பைக் விபத்தில் அடிபட்ட என் தம்பி நான்கு மாதமாகக் கண் திறக்கிறான், ஆனால் எதற்கும் பதில் இல்லை. உள்ளே நினைவு இருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் வெளிநாட்டில் இருக்கிறதாமே? (நாகர்கோவில்)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அப்படி ஒரு ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கிறது. 2006-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழு, உங்கள் தம்பியைப்போல விபத்தில் அடிபட்டு, எதற்கும் பதில் தராமல் இருந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ.-க்குள் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்று சொன்னார்கள், அப்புறம் உன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள் என்றார்கள். இரண்டு தடவையும் மூளையின் வேறு வேறு இடங்கள் வேலை செய்தன, நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு எப்படியோ அப்படியே. 2010-இல் 54 பேரைப் பார்த்ததில் ஐந்து பேருக்கு அப்படித் தெரிந்தது. ஒருவர் ‘ஆம்’ என்றால் டென்னிஸ், ‘இல்லை’ என்றால் வீடு என்று நினைத்துத் தன்னைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதிலும் சொன்னார். 2024-இல் பல நாடுகளின் ஆறு மையங்கள் சேர்ந்து வெளியிட்டதில், சொன்னதைச் செய்யும் அறிகுறியே வெளியில் இல்லாத 241 பேரில் 60 பேரின் மூளை சொன்னதைச் செய்தது. நாலில் ஒருவர்.

இப்போது கஷ்டமான பக்கம். இது ஆராய்ச்சி மையங்களில் நடக்கும் பரிசோதனை, ஸ்கேன் சென்டரில் பணம் கட்டி எடுக்கும் சமாச்சாரம் இல்லை. யாராவது அப்படி விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வகை ஸ்கேனில் மூளை ‘ஒளிர்வது’ நேரடிப் படம் இல்லை, ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்துப் போடும் கணக்கு. கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டவே 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனுக்குள் வைத்து அதற்கு மனிதர் படங்களைக் காட்டினார்கள், வழக்கமான ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது செத்த மீனின் மூளையிலும் ‘வேலை’ தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால் உள்ளே நினைவு இல்லை என்று பொருள் இல்லை. அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாம், கேட்டது புரியாமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் இங்கேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதற்கென்று வகுத்த அளவுகோலை வைத்து, ஒரே தடவையில் முடித்துவிடாமல் வேறு வேறு நாட்களில், அவர் நன்றாக விழித்திருக்கும் நேரத்தில் திரும்பத் திரும்பச் சோதிக்க முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அவசரமாக ஒரு தடவை பார்த்து உணர்வே இல்லை என்று முடிவு செய்யப்பட்டவர்கள் சிலருக்கு அப்படிப் பார்த்தபோது அறிகுறி தெரிந்திருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அவர் முகத்துக்கு நேரே மெல்ல நகர்த்தினால் கண் கூடவே போகிறதா என்று நீங்களும் பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அதுவரைக்கும், அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பற்றி நம்பிக்கையில்லாமல் யாரையும் பேச விடாதீர்கள். அவரிடமே பேசுங்கள்.

கேள்வி: பத்து வருடமாகச் சேர்ந்த ஸ்கேன் ஃபிலிம்கள் பீரோவை அடைக்கின்றன. போட்டுவிடலாமா? (மதுரை)

போட்டுவிடாதீர்கள். உங்கள் மூளையில் இன்று ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் நான் முதலில் கேட்பது “பழைய படம் இருக்கிறதா?” என்றுதான். அதே புள்ளி 2015-லும் அதே அளவில் இருந்தால் அன்றைக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்ல வேண்டும், அந்த மூன்று மாதமும் உங்களுக்குத் தூக்கம் இருக்காது. ஃபிலிமைச் சுருட்டாமல், வெயில் படாமல் வையுங்கள். எடுத்த இடத்தில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ பிரதி கேட்டால் கொடுப்பார்கள், அதில் எல்லாப் படங்களும் இருக்கும், ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சிலதுதான். அடுத்த முறை ஸ்கேனுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.